படிக்கட்டுப் பிள்ளைகளும் ஒரு பெண் மருத்துவரும்



நம் சைதாப்பேட்டையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், இருசக்கர வண்டிகள் நிற்கும் இடத்துச் சுவரில் ஓர் அறிவிப்பைக் காண்கிறோம். இங்கே பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, மாடிப்படியில் கூட்டம் கூடக் கூடாது. பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் பெரும்பாலும் பலகை இருக்காது. அதன் வேலையை இரண்டாம் மாடியிலிருந்து வரும் ஒரு குரல் செய்துவிடும். பிள்ளைகள் அங்கிருந்து தெருவுக்கு வருகிறார்கள். தெருவில் தண்ணீர் லாரி வருகிறது, ஷேர் ஆட்டோ வருகிறது. தெருவிலிருந்தும் விரட்டினால் மிச்சம் இருப்பது அடையாற்றின் கரை. அல்லது வீட்டுக்குள் கைப்பேசி. பலகை எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. ஜன்னல் கண்ணாடி உடைகிறது, இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் தூங்க முடிவதில்லை, புதிதாக வெள்ளையடித்த சுவரெல்லாம் கரிக்கோடு. ஆனால் பிள்ளைகள் எங்கே விளையாடலாம் என்று சொல்லும் பலகையை நாம் பார்ப்பது மிக அரிது.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு உரோமை நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் இதே வழக்கு எழுந்தது. அதைத் தீர்க்க அழைக்கப்பட்டவர் ஒரு பெண் மருத்துவர். அவருடைய பெயரை நம் ஊரில் எத்தனையோ மழலையர் பள்ளிகளின் பலகையில் படிக்கிறோம். மாண்டிசோரி என்பது ஒரு பாடமுறையின் பெயர் அல்லது ஏதோ ஒரு பள்ளி நிறுவனத்தின் பெயர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அவர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி என்பதோ, நம் சைதாப்பேட்டையைக் கடந்து ஓடும் அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதோ அதிகம் பேசப்படுவதில்லை.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் அன்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்த்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே புத்தகப் பிரியை. வீட்டுக்கு ஒரே மகள். மகள் ஆசிரியை ஆனால் போதும் என்பது தந்தையின் எண்ணம். மகளோ மருத்துவம் படித்தே தீருவேன் என்று நின்றார். ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது முறையல்ல என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே மற்ற மாணவர்கள் போன பின்பு, மாலை வேளைகளில், தனியாக அந்த அறையில் நின்று படிக்க வேண்டியிருந்தது. 1896-இல் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவரான முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணி. அன்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைத் தனியே வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. மனநோயாளிகளோடு ஒரே விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். அப்படி ஓர் அறையைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்த பணிப்பெண் முகம் சுளித்துச் சொன்னாராம், சாப்பாடு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று. மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுக்க அங்கே ஒரு பொருளும் இல்லை. பொம்மை இல்லை, துணி இல்லை, ஒரு குச்சிகூட இல்லை. பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசி அல்ல, கைகளின் பசி என்று அவருக்கு விளங்கியது. அவர் வாழ்நாள் முழுதும் செய்த பணி அனைத்தும் அந்த அறையில் தொடங்கியதாகவே நாம் எண்ணுகிறோம்.

1900-இல் அத்தகைய குழந்தைகளுக்கான ஒரு பள்ளியின் இணை இயக்குநரானார். அங்கு படித்த பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. அவரோ வேறொரு கேள்வியில் ஆழ்ந்தார்: குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு எட்ட முடியுமானால், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

இந்த இடத்தில் சொல்லாமல் கடக்கக் கூடாத ஒன்று உண்டு. அதே பள்ளியின் மற்றோர் இயக்குநரான மருத்துவர் ஜுசெப்பே மொந்தேசானோவுக்கும் மரியாவுக்கும் 1898 மார்ச் 31 அன்று ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் மரியாவின் பணி அன்றோடு முடிந்துவிடும் என்ற நிலை. குழந்தைக்கு மாரியோ என்று பெயரிட்டு, நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாம் யார் என்று சொல்லமாட்டார். 1901-இல் மொந்தேசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மரியா அந்தப் பள்ளியை விட்டு விலகினார். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் தேடப் புறப்பட்ட ஒருவரால், தம் சொந்தப் பிள்ளைக்குத் தம் வீட்டில் இடம் கொடுக்க முடியவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தாயின் மீது கல்லெறியத் தயாராக நிற்கும்போது, அடி முதலில் குழந்தையின் மேல்தான் விழுகிறது.

இனி அந்தக் குடியிருப்புக்கு வருவோம். உரோமை இத்தாலியின் தலைநகரான பின்பு, 1880-களில் அங்கே வீடு கட்டும் வெறி பிடித்தது. வங்கிகள் கடன் கொடுத்தன. சான் லொரென்சோ என்னும் பகுதியில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பின. பின்பு பணம் வற்றியது. அரைகுறையாக நின்ற கட்டடங்களில், குழாயும் கதவும் இல்லாத அறைகளில், வீடற்ற ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பின்னாளில் ஒரு கட்டட நிறுவனம் அவற்றை வாங்கிச் சீர்படுத்தி, உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அதன் தலைமை இயக்குநர் எதுவார்தோ தாலமோ என்ற பொறியாளர்.

தகப்பனும் தாயும் விடியும் முன் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வந்த பிள்ளைகள் பள்ளிக்கு. எஞ்சியவர்கள் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான சின்னஞ்சிறார். அவர்கள் நாள் முழுதும் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். புதுச் சுவரில் கிறுக்கினார்கள். முற்றத்தில் கண்டதை உடைத்தார்கள். சீரமைப்புச் செலவு ஏறிக்கொண்டே போனது. அந்தச் செலவுக்கு ஓர் அறையை ஒதுக்கி, ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்று தாலமோ கணக்குப் போட்டார். அந்த யோசனை அன்பிலிருந்து பிறக்கவில்லை, வெள்ளையடிக்கும் கணக்கிலிருந்து பிறந்தது. நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளிடம் தனிப் பிரியம் இல்லாதவர்களுக்கும் இது லாபக் கணக்குதான்.

அறையை நடத்தும் பொறுப்பு மரியாவிடம் வந்தது. மார்சி தெரு, 58-ஆம் எண் கட்டடம். திறப்பு விழா 1907 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். ஐம்பது பிள்ளைகள்போல் வந்திருந்தார்கள். பலர் அழுதார்கள், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேச வந்த மரியா அன்றைய திருப்பலி வாசகத்தை, இருளிலிருந்து எழும்பி ஒளிவீசும் நகரைப் பற்றிய எசாயாவின் பகுதியை, வாசித்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஐம்பது படிக்கட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அந்தப் பகுதியை வாசிக்க அவருக்குத் தோன்றியது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்த அறைக்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். பள்ளி என்று வைக்கவில்லை.

சுவரில் சில விதிகள் எழுதி மாட்டப்பட்டன. கட்டணம் கிடையாது. ஆனால் தாய்மார் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். பொறுப்பாளரை மதிக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது வந்து, பிள்ளையைப் பற்றி அவரிடம் பேச வேண்டும். இன்னொரு பக்கம், பொறுப்பாளர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய்மார் எந்த நேரமும் வந்து எட்டிப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நாம் கொஞ்சம் நின்று கவனிப்போம். பிள்ளைகளின் பாதுகாப்பு என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது பூட்டு, மதில், கேமரா. மரியா வேறு வழியில் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண் அந்த மக்களிடையே வாழ்கிறவர். மாலையில் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர். கதவு தாய்மாருக்கு எப்போதும் திறந்திருக்கிறது. பிள்ளையைப் பலரும் பார்க்கிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரையும் பலரும் பார்க்கிறார்கள். நம் நாட்டில் 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. அதன்கீழ் பதிவாகும் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், குற்றம் செய்தவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் என்பதை ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், நம்பி விட்டுச் சென்றவர். அப்படியானால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைப்பது காவல் ஆகாது. மறைவான அறையைவிட, பத்துப் பேர் கண்ணில் படும் முற்றம் பத்திரமானது. நம் கோவில் வளாகங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மறைக்கல்வி நடக்கும் அறை, பீடச் சிறுவர்கள் உடை மாற்றும் அறை, பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் மாடி, எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து பார்க்கத்தக்க ஜன்னல் வேண்டும். பெற்றோர் வந்து எட்டிப் பார்த்தால் யாரும் கோபிக்கக் கூடாது. ஏதேனும் தவறு தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறைக்குள் என்ன நடந்தது என்பது உலகறிந்த கதை. பெரியவர்களுக்கான மேசை நாற்காலிகளை மரியா அகற்றினார். நான்கு வயதுப் பிள்ளை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலி, எட்டிக் கை கழுவத்தக்க தாழ்வான தொட்டி, பிள்ளையின் உயரத்தில் அலமாரி. அங்கே பொறுப்பேற்றவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. ஒருநாள் அவர் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டுத் தாமதமாக வந்தபோது, பிள்ளைகள் தாங்களே திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் அதைத் திருட்டு என்று நினைத்தார். மரியாவோ, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகளால் தாங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்று கண்டுகொண்டார். அன்றிலிருந்து தாழ்வான, பூட்டில்லாத அலமாரி.

மூக்குச் சிந்துவதைப் பற்றிய நிகழ்ச்சி நமக்கு மிகவும் பிடித்தது. ஒருநாள் மரியா பிள்ளைகளுக்குக் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று நிதானமாகச் செய்து காட்டினார். வேடிக்கையாக நினைத்துத்தான் செய்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, உற்றுப் பார்த்தார்கள், முடிந்ததும் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று நாள்தோறும் எல்லாரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் காட்டித் தரவில்லை. மாடிப்படியில் சத்தம் போடாதே என்று நாம் எத்தனை முறை சொல்கிறோம்! சத்தமில்லாமல் படி இறங்குவது எப்படி என்று ஒரு பிள்ளைக்கு நாம் இறங்கிக் காட்டியிருக்கிறோமா?

இன்னொரு நாள் முற்றத்தில் ஒரு தாயின் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கண்டு, வாங்கிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்தார். இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் இப்படி இருக்க முடியாது என்று விளையாட்டாகச் சொன்னார். பிள்ளைகள் மூச்சையும் அடக்கிக்கொண்டு அசையாமல் அமர்ந்தார்கள். கடிகாரத்தின் ஓசை கேட்டது. பிறகு அந்த அமைதி அவர்களுக்கு விருப்பமான விளையாட்டே ஆகிவிட்டது.

படிக்கட்டை நாசம் செய்தவர்கள் இதே பிள்ளைகள்தாம். ஒருமுறை ஒரு வெளிநாட்டுத் தூதர் முன்னறிவிப்பில்லாமல் பார்க்க வந்தார். அன்று விடுமுறை; அறை பூட்டியிருந்தது. முற்றத்தில் நின்ற பிள்ளைகள், சாவி வாயிற்காவலரிடம் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் இங்கேதானே குடியிருக்கிறோம் என்று சொல்லி, கதவைத் திறக்கச் செய்து, உள்ளே போய், ஆசிரியை இல்லாமலே தங்கள் வேலையைச் செய்து காட்டினார்கள். தங்களுடையது என்று தெரிந்த இடத்தை அவர்கள் பாழாக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் சிலர், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தரும்படி மரியாவைத் தேடி வந்து கேட்டார்கள். சில ஆண்டுகளில் தாலமோவுக்கும் மரியாவுக்கும் மனக்கசப்பு ஏற்பட்டு, சான் லொரென்சோ இல்லங்கள் அவர் கையை விட்டுப் போயின. அதற்குள் அவருடைய முறை இத்தாலிக்கு வெளியே பரவத் தொடங்கிவிட்டது.

1912 டிசம்பரில் அவருடைய தாய் இறந்தார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயது நெருங்கிய மாரியோ, அவ்வப்போது வந்து பார்த்துப் போகும் அந்தப் பெண்மணி தன் தாய்தான் என்று தானே அறிந்து அவரோடு வந்து சேர்ந்தான். அதற்குப் பின் இருவரும் பிரியவே இல்லை. ஆனால் வெளியாருக்கு அவன் மருமகன் முறையில் ஒரு பையன், அல்லது வளர்ப்பு மகன்.

1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு வகுப்பறையே அமைத்தார்கள். கூட்டம் சுற்றி நின்று பார்க்க, உள்ளே பிள்ளைகள் தங்கள் வேலையில் மூழ்கியிருந்தார்களாம். இது நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. பிள்ளைகள் காட்சிப் பொருள் அல்லர். எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வாழ்வது ஒன்று. எல்லாரும் பார்ப்பதற்காக நிறுத்தப்படுவது வேறொன்று. பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் எடுத்து ஊர் முழுதும் அனுப்பும் இந்நாளில் இந்த வேறுபாடு நமக்கு இன்னும் தேவைப்படுகிறது.

இனி, நம் கோவிலைத் தொடும் செய்தி. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இல், பகுத்தறியும் வயது வந்த சிறுவர்களுக்கும் நற்கருணை வழங்கலாம் என்று வழி திறந்திருந்தார். அந்தப் பின்னணியில் மரியா ஸ்பெயினின் பார்சலோனா நகரில் தம் பள்ளியோடு சேர்த்துக் குழந்தைகளுக்கென ஒரு சிற்றாலயம் அமைத்தார். தாழ்வான பீடம், சின்ன நாற்காலிகள், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் தீர்த்தத் தொட்டி. பிள்ளைகள் தோட்டத்தில் கோதுமையும் திராட்சையும் வளர்த்தார்கள். அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்று மண்ணைத் தொட்டுக் கற்றார்கள். திருப்பலியில் நடக்க வேண்டிய விதம், மெழுகுதிரியை ஏந்தும் விதம், அமைதி காக்கும் விதம் எல்லாம் பயிற்சியாக நடந்தன. இதைப் பற்றி 1922-இல் ஒரு நூலும், 1932-இல் பிள்ளைகளுக்குத் திருப்பலியை விளக்கும் மற்றொரு நூலும் எழுதினார். 1954-இல் உரோமையில் சோஃபியா கவலெத்தி அதே வழியில் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

நம் ஞாயிறு திருப்பலியை நினைத்துப் பார்ப்போம். மறையுரை நேரத்தில் ஒரு குழந்தை அழுதால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. உபதேசியார் கண்ணால் ஜாடை காட்டுகிறார். தாய் வெட்கத்தோடு வெளியே போய், வெயிலில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறாள். அவளுக்கு அன்று திருப்பலி இல்லை. குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியதையும், அது கண்டு ஆண்டவர் கோபம் கொண்டதையும் வாசிக்கக் கேட்கும் நாளிலும் இதுவே நடக்கிறது. சின்னமலையில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் நம் முழங்கால்களுக்கிடையே நின்றுகொண்டு, பெரியவர்களின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வீடு திரும்புகிறார்கள். முன்வரிசையில் நான்கு சிறு பெஞ்சுகள் போட எந்த மறைமாவட்ட அனுமதியும் தேவையில்லை.

மரியாவின் வாழ்வில் நாம் மெச்ச முடியாத பகுதியும் உண்டு. 1924 முதல் முசோலினியின் ஆதரவை ஏற்றார். அரசுப் பணத்தில் அவருடைய பள்ளிகள் பெருகின. பிள்ளைகளைச் சீருடை அணிவித்துச் சிப்பாய்களாக்கும் ஆட்சிக்கும் அவருடைய எண்ணத்துக்கும் ஒத்துவராது என்பதை உணரப் பத்தாண்டு பிடித்தது. 1934-இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாசிகளும் மூடினார்கள். 1936-இல் உள்நாட்டுப் போரால் பார்சலோனாவையும் விட்டு, நெதர்லாந்து போனார். சொந்த நாடில்லாமல் ஆன பின்புதான் நம் ஊருக்கு வந்தார்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், 69 வயதில், மாரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும். கத்தோலிக்கர் ஒருவர் அந்தச் சபையின் விருந்தினராவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நமக்கும் அந்தச் சபையின் கொள்கையோடு உடன்பாடு கிடையாது. ஆனால் அன்று இடம் கொடுத்தவர்கள் அவர்களே. ஓலைக் கொட்டகைகள் போட்டு வகுப்புகள் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 300 பேர்போல் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று நிறுத்தினார்கள். மொழி தெரியாத ஊர், வயது எழுபது, பக்கத்தில் மகன் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாகச் சொன்னது அந்தத் தந்தி. வளர்ப்பு மகன் என்றில்லை, மருமகன் என்றில்லை; மகன். நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெளியே சொல்ல முடியாதிருந்த உறவை, ஓர் அந்நிய அரசின் தாள் சொல்லிவிட்டது. அது நடந்தது நம் அடையாற்றங்கரையில்.

பின்பு கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரை தங்கினார். இலங்கைக்கும் போய் வந்தார். இந்த ஆண்டுகளில் கைக்குழந்தைகளை அவர் கூர்ந்து கவனித்தார். ஐரோப்பாவில் குழந்தையைத் தொட்டிலில், தனி அறையில், இருட்டில் கிடத்துவார்கள். இந்தியா போன்ற நாடுகளில் தாய் எங்கே போகிறாளோ அங்கே குழந்தையும் இடுப்பில் போகிறது. சந்தையில் பேரம் பேசும்போது கேட்கிறது, தெருவைப் பார்க்கிறது, பேச்சை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவாக அழுவதும் இல்லை. தாயோடு எங்கும் செல்லும் இக்குழந்தைகளைப் பற்றி, இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி 1949-இல் அடையாற்றிலேயே அச்சான நூலில் மனம் விட்டு எழுதினார். சான் லொரென்சோவில் ஓர் அறை கட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததை, நம் பாட்டிமார் அறை இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் மீன் வாங்கும் கூட்டத்தில் இன்றும் இடுப்புக் குழந்தைகளைப் பார்க்கலாம். இடுப்பை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியதும்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் இல்லாமல் போகிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. முன்பு குடிசை வாசலில் உட்கார்ந்தபடியே தாய் தெருவில் ஓடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். ஏழாம் மாடியிலிருந்து யாரால் பார்க்க முடியும்?

1946-இல் ஐரோப்பா திரும்பி, மறுபடியும் இந்தியா வந்து 1949 வரை இருந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில், மாரியோ அருகிருக்க, 81 வயதில் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நூற்றாண்டு விழாவையொட்டி 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் பற்றி உரையாற்றினார். யூரோ நாணயம் வரும் வரை இத்தாலியின் ஆயிரம் லீரா தாளில் அவர் முகம் இருந்தது. மாரியோ தாயின் பணியை 1982-இல் இறக்கும் வரை தொடர்ந்தார்.

மார்சி தெரு 58-ஆம் எண் கட்டடம் இன்றும் நிற்கிறது. மாடி வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கீழே முற்றத்தை ஒட்டிக் குழந்தைகள் இல்லம் நடக்கிறது.